பழைய பைபர் படகின் கொன்சோலைப் புதுப்பித்துக் கருவிகள் பொருத்துதல்: முதன்முறை செய்பவர்களுக்கு

கடந்த ஆண்டு 20 அடி நீளமுள்ள பழைய பைபர் படகொன்றை வாங்கினேன். யாழ்ப்பாணக் கரைகளில் நிற்கும் சிறு படகுகளில் பெரும்பாலானவற்றை, பின்புறத்தில் இருந்தபடி இயந்திரத்தின் கைபிடியைப் பிடித்தே ஓட்டுவார்கள். நான் வாங்கிய படகிலோ நடுவில் நின்று ஓட்டுவதற்கான கொன்சோல், அதாவது ஸ்ரியறிங்கும் கருவிகளும் பொருத்தும் மேடை ஒன்று இருந்தது. அதன் முகப்பில் பழைய கருவிகளைக் கழற்றிய ஓட்டைகளும், எங்கே போகின்றன என்று தெரியாத வயர்களும் இருந்தன. மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்று நான் எண்ணிய வேலை நான்கு மாதம் இழுத்தது. வேலைகளின் வரிசையை நான் பிழையாகப் பிடித்ததே அதற்குக் காரணம். முதலில் பூச்சுப் பூசினேன். பிறகு கருவிகளுக்காக வெட்டினேன். வெட்டியபோது உள்ளே இருந்த பலகை உக்கிப்போயிருப்பதைக் கண்டு, பூசியதையெல்லாம் சுரண்டி மீண்டும் தொடங்கினேன். நீங்கள் அந்த அலைச்சலைப் படக்கூடாது என்பதற்காக, எந்த வரிசையில் செய்திருக்கவேண்டுமோ அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. பணம் கொடுப்பதற்கு முன் பத்திரங்கள்

படகின் பதிவுச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் மீன்பிடிப் படகென்றால் பதிவிலக்கம் ஓ.எப்.ஆர்.பி. என்ற எழுத்துகளில் தொடங்கும். யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிந்தவற்றுக்கு இறுதியில் ஜே.எப்.என். என்று வரும். சான்றிதழிலுள்ள இலக்கமும் படகின் உடலில் எழுதியுள்ள இலக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா, இயந்திரத்தில் பொறித்துள்ள இலக்கம் விற்பவரின் பற்றுச்சீட்டில் உள்ளதுதானா என்று ஒப்பிடுங்கள். உரிமை மாற்றத்தைக் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் செய்யவேண்டும். உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரையும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தையும் முன்கூட்டியே சந்தித்து, எந்தக் கடிதங்கள் தேவை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மீன்பிடி அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டியது. எனவே முந்தைய உரிமையாளர் எந்த ஆண்டுவரை புதுப்பித்திருக்கிறார் என்பதையும் பாருங்கள்.

மற்றப் படகுகளோடும் கரையோடும் பேச உதவும் வி.எச்.எப். வானொலி பொருத்துவதாக இருந்தால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, வானலைகளை வெளியிடும் கருவியை வைத்திருக்கவும் பயன்படுத்தவும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் தேவை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கும் அந்த ஆணைக்குழுவின் ஒப்புதல் வேண்டும். கருவியை வாங்கிய பின் விண்ணப்பிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். கொன்சோலைக் கழற்றத் தொடங்கும் கிழமையிலேயே விண்ணப்ப வேலையையும் தொடங்கினால், பைபர் வேலை முடியும்போது பத்திரமும் கைக்கு வரக்கூடும். ஜி.பி.எஸ்., ஆழங்காட்டும் பிஷ்பைண்டர் ஆகியவை வானலையை வெளியிடாதவை. இந்த உரிமம் வானொலிக்கே உரியது.

2. எந்த மாதத்தில் தொடங்குவது

ஐப்பசி, கார்த்திகை மழையில் பைபர் வேலை செய்யவே கூடாது. ஈரம் பிடித்த கண்ணாடியிழையில் றெசின் (இழையை இறுக்கிப் பிடிக்கும் பிசின்) ஒட்டாது. ஒட்டியதுபோலத் தோன்றினாலும் பின்னர் கொப்புளித்து எழும்பும். வைகாசியிலிருந்து சோளகம் என்ற தென்மேற்குக் காற்றுப் பிடித்துவிட்டால் கரையோர மணல் பறந்து, காயாத ஜெல்கோட்டின் (பைபரின் மேற்பூச்சின்) மேல் படியும். மாசி தொடக்கம் சித்திரை வரையான காலமே உகந்தது. அந்த மாதங்களிலும் காலை 10 மணிக்குள் றெசின் வேலையை முடித்துவிடுங்கள். உச்சி வெயிலில் கலவை கிண்ணத்திலேயே கட்டியாகிவிடும்.

3. கழற்றுதலும் உக்கலைத் தேடுதலும்

எதையும் கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். ஒவ்வொரு வயரின் இரு முனைகளிலும் ஒரே இலக்கத்தை எழுதி ஒட்டுங்கள். பழைய வயர்களை நீங்கள் திரும்பப் பயன்படுத்தப்போவதில்லை என்றாலும், புதிய வயர் எந்த வழியாகப் போகவேண்டும் என்பதை அவையே காட்டும். பழைய வயரின் நுனியில் நூல் கட்டி இழுத்தால் புதிய வயருக்கான வழி கிடைத்துவிடும்.

இனிச் சிறிய சுத்தியலின் பிடியால் கொன்சோல் முழுவதையும் தட்டிக் கேளுங்கள். உள்ளே திடமாக இருக்கும் இடம் கணீரென்று ஒலிக்கும். பலகை உக்கிய இடமும் அடுக்குப் பிரிந்த இடமும் மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். என் அனுபவத்தில் உக்கல் பெரும்பாலும் மூன்று இடங்களில் இருக்கும்: கொன்சோலின் அடிவிளிம்பு தளத்தோடு திருகப்பட்ட இடம், ஸ்ரியறிங் பொருத்திய பலகை, பழைய கருவிகளின் திருகாணி ஓட்டைகளைச் சுற்றிய பகுதி. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். பைபருக்குள் பிளைவூட் வைத்துக் கட்டிய இடத்தில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையின் உட்சுவரை மூடாமல் விட்டால், உப்புநீர் திருகாணி வழியாக இறங்கிப் பலகையை ஊறவைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. சந்தேகமான இடத்தில் உட்பக்கத்திலிருந்து 5 மி.மீ. ஓட்டை போட்டு, வரும் தூளைக் கையில் பிடித்துப் பாருங்கள். வெளிர்நிறமாக உலர்ந்து வந்தால் நல்லது. கறுத்து ஈரமாக வந்தால் அந்தப் பகுதியை வெட்டியெடுக்கவேண்டும். நான் இந்தச் சோதனையைச் செய்யாமல், மேலே மட்டும் உரைத்துப் பூசினேன்; மூன்றாவது வாரத்தில் பூச்சு கொப்புளமாக எழும்பியது.

கூலி பேசும்போதும் இதை மனதில் வையுங்கள். வேலையைத் தொடக்கத்திலேயே கொந்தராத்தாகக் கொடுத்தால், உள்ளே உக்கல் எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியாது, வேலை செய்பவருக்கும் தெரியாது. கணக்குக் கட்டாமல் போகும்போது அவர் உக்கலின்மேலேயே பைபர் போட்டு மூட நேரிடும். கழற்றி, தட்டிப் பார்த்து, வெட்டித் திறக்கும் கட்டத்தை நாட்சம்பளத்தில் செய்வியுங்கள். திறந்து பார்த்த பிறகு, மீதியைக் கொந்தராத்தாகப் பேசுங்கள்.

4. பைபர் வேலை

உக்கிய பலகையை நீக்கிய பின் அந்த இடத்தைப் பல நாட்கள் நிழலில் காயவிடுங்கள். வெட்டிய பகுதியின் விளிம்பைச் செங்குத்தாக விடாமல் சரிவாக உரைக்கவேண்டும். பைபரின் தடிப்பு 5 மி.மீ. என்றால் சரிவின் அகலம் ஏறத்தாழ 60 மி.மீ. வரை இருப்பது நல்லது. அப்போதுதான் புதிய அடுக்கு பழையதைப் பரந்த இடத்தில் பற்றிக்கொள்ளும். 80 ஆம் இலக்க உரைதாளால் கரடாக்கி, அசற்றோனால் துடைத்து, அது முழுவதும் ஆவியான பின்னரே றெசின் பூசுங்கள்.

சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடியிழை விரிப்பைப் பயன்படுத்தினால், ஓர் அடுக்குக்குச் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1 கிலோ றெசின் செலவாகும். 2 சதுர மீற்றர் பரப்பில் இரண்டு அடுக்குப் போட எனக்கு 4 கிலோவுக்குச் சற்று மேலாகத் தேவைப்பட்டது. றெசினை இறுகவைக்கும் ஹாட்னரை 1 கிலோ றெசினுக்கு 10 முதல் 20 மி.லீ. வரை சேர்ப்பார்கள், நம் வெயிலுக்குக் குறைந்த அளவே போதும். சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்காமல் செய்யுங்கள்.

உயிருக்கு ஆபத்தான ஒரு விடயத்தைச் சொல்லவேண்டும். சில கடைகளில் றெசினுக்கான கோபால்ற்று துரிதப்படுத்தியைத் தனிப் போத்தலில் தருவார்கள். அதையும் ஹாட்னரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றுடன் ஒன்று கலக்காதீர்கள். தீப்பற்றவும் வெடிக்கவும் கூடும். துரிதப்படுத்தியை முதலில் றெசினில் முழுமையாகக் கலக்கிய பின்னரே ஹாட்னரைச் சேர்க்கவேண்டும். ஹாட்னர் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும் என்பதால் கண்ணாடி அணியாமல் தொடாதீர்கள். உரைக்கும்போது வரும் கண்ணாடித் தூளுக்கு முகத்தில் கட்டும் துணி போதாது. தூசிக்கென்று விற்கும் நல்ல முகக்கவசத்தை வாங்குங்கள்.

பழைய ஓட்டைகளை வெறும் நிரப்பு மாவால் அடைக்காமல், இருபுறமும் சரிவாக உரைத்து, உட்புறத்திலிருந்து இரண்டு அடுக்கு விரிப்பால் மூடி, பிறகு வெளிப்புறத்தை நிரப்புங்கள். ஜெல்கோட்டின் கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் சேர்க்கவேண்டும். அது இல்லாவிட்டால் காற்றுப் படும் மேற்பரப்பு எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும். இடைப்பூச்சுகளில் மெழுகு சேர்த்தாலோ அடுத்த பூச்சு ஒட்டாது. கடையில் வாங்கும்போதே, கையிலிருப்பது மெழுகு சேர்த்ததா சேர்க்காததா என்று கேட்டு, போத்தலில் எழுதிவையுங்கள். கொன்சோலுடன் படகின் உடலுக்கும் பூச்சுப் பூசினால், அணியத்தின் (படகின் முன்பகுதியின்) இருபுறமும் பதிவிலக்கத்தைத் தெளிவாக எழுதாமல் கடலில் இறக்காதீர்கள். சோதனையின்போது முதலில் கேட்கப்படுவது அதுதான்.

ஆனால் இந்தக் கடைசிப் பூச்சை இப்போதே பூசவேண்டாம். அடுத்த இரண்டு கட்டங்களையும் முடித்து, வெட்டவேண்டியதை வெட்டிய பின்னர் பூசுங்கள்.

5. வெட்டுவதற்கு முன் கருவிகளை வாங்குங்கள்

இணையத்தில் கிடைக்கும் அளவுப்படத்தை நம்பி வெட்டக்கூடாது. கருவியும் அதன் பின்புறத்தில் குத்தும் பிளக்குகளும் கையில் இருக்கவேண்டும். பிளக்குகளும் வளையும் வயரும் கருவிக்குப் பின்னால் 8 முதல் 10 செ.மீ. வரை இடம் பிடிக்கும்.

நம்மில் பலருக்கு இந்தக் கருவிகள் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் உறவினர் கையில்தான் வந்து சேரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. அவர்களுக்கு வாங்கச் சொல்வதற்கு முன் மூன்று விடயங்களைத் தெளிவுபடுத்துங்கள். முதலாவது, வானொலிக்கான ஒப்புதல் முன்னரே பெறப்படவேண்டும். இரண்டாவது, வட அமெரிக்காவில் விற்கும் பிஷ்பைண்டர், ஜி.பி.எஸ். கருவிகளில் பெரும்பாலும் அந்தப் பகுதியின் விரிவான வரைபடமே இருக்கும். இந்து சமுத்திரத்துக்கான வரைபட அட்டையைத் தனியாக வாங்கவேண்டி வரலாம், சில கருவிகள் வேற்றுப் பகுதி அட்டையை ஏற்பதும் இல்லை. மூன்றாவது, அங்கு விற்கும் வானொலி அமெரிக்க அலைவரிசை முறையில் அமைத்திருக்கும். இங்கு பயன்படுத்த அதைச் சர்வதேச முறைக்கு மாற்றவேண்டும். 16 ஆம் அலைவரிசை, அதாவது 156.8 மெகாஹேட்ஸ், எல்லா முறையிலும் ஒன்றே என்பதால் பிழை உடனே தெரியாது. வேறு சில அலைவரிசைகளுக்கு மாறும்போதுதான் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல் போகும்.

இலக்கமுறை அவசர அழைப்பு வசதியுள்ள வானொலிகளில் படகுக்கான ஒன்பது இலக்க அடையாள எண்ணைப் பதியவேண்டும். இலங்கைப் படகின் எண் 417 இல் தொடங்கும். பல கருவிகளில் இந்த எண்ணை ஓரிரு தடவைகளே பதியமுடியும். அதன் பின் நிறுவனத்துக்கு அனுப்பித்தான் மாற்றலாம். அதனால் கடையிலோ உறவினர் வீட்டிலோ பரிசோதிப்பதற்காக ஏதாவது ஓர் எண்ணை அழுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கருவிகளும் ஐ.பி.எக்ஸ். 7 தரத்தில் இருக்கவேண்டும். அதாவது 1 மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கவேண்டும்.

6. முகப்புப் பலகை

இந்த வேலை முழுவதிலும் நான் மிகவும் பயனுள்ளது என்று கருதுவது இதையே. ஒவ்வொரு கருவிக்கும் கொன்சோலில் தனித்தனி ஓட்டை வெட்டாதீர்கள். முகப்பில் ஒரே ஒரு செவ்வகத் திறப்பை வெட்டி, அதன்மேல் கழற்றக்கூடிய தனிப் பலகையொன்றை றப்பர் விளிம்புடன் பொருத்தி, கருவிகளை அந்தப் பலகையில் பூட்டுங்கள். நாளை வேறு அளவில் கருவி வாங்கினால் பலகையை மட்டும் மாற்றினால் போதும். பழுது பார்க்கவும் பலகையைக் கழற்றி முன்னே சாய்த்துவிடலாம். பலகைக்கு 10 மி.மீ. தடிப்புள்ள கடினப் பிளாஸ்ரிக் அல்லது 6 மி.மீ. தடிப்பில் வார்த்த பைபர் பொருந்தும். விளம்பரப் பலகைகளுக்குப் பயன்படும் அலுமினியத் தகடு மலிவாகக் கிடைக்கும்; அதன் விளிம்பில் உப்பு ஏறி அரித்துவிடும். கறுப்பு நிறமும் வேண்டாம். மதிய வெயிலில் கருவிகள் அளவுக்கு மீறிச் சூடாகும்.

வெட்டுவதற்கு முன் காட்போட் மட்டையில் அதே அளவுகளை வரைந்து ஒட்டி, படகை நீரில் இறக்கி, நின்றபடியும் இருந்தபடியும் பாருங்கள். திசைகாட்டி ஸ்ரியறிங்கின் நேர் முன்னே இருக்கவேண்டும். வானொலியின் பேச்சுக்கருவியை ஒரு கை ஸ்ரியறிங்கில் இருக்கும்போதே எட்டி எடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். வானொலியின் ஒலிபெருக்கியில் காந்தம் உள்ளதால், அதைத் திசைகாட்டியிலிருந்து முடிந்தால் 1 மீற்றர் தள்ளியே வையுங்கள்.

7. பற்றரியும் வயரும்

பலரும் பணத்தை மிச்சம் பிடிக்கப்போய்ப் பின்னர் அதிகம் இழப்பது இங்கேதான். வீட்டு வயரிங்குக்கான 7/0.67 வயரை வாங்காதீர்கள். அதன் ஏழு தடித்த இழைகளும் படகின் அதிர்வில் ஒவ்வொன்றாக முறியும். உப்புக்காற்றுப் பட்டதும் செம்பு பச்சைபிடிக்கும். நுண்ணிழைகள் கொண்ட, வெள்ளீயம் பூசிய படகு வயரே வேண்டும்.

தடிப்பையும் கணக்கிட்டுத் தெரிவுசெய்யுங்கள். பற்றரியிலிருந்து கொன்சோல் 3 மீற்றர் தூரம் என்றால் போய்வரும் வயரின் நீளம் 6 மீற்றர். அதில் 10 அம்பியர் ஓடும்போது, 1.5 சதுர மி.மீ. வயரில் ஏறத்தாழ 0.7 வோல்ற்று வழியிலேயே இழக்கப்படும்; 4 சதுர மி.மீ. வயரில் இழப்பு 0.3 வோல்ற்றுக்குள் நிற்கும். வானொலி 25 வாற்றில் பேசும்போது 5 முதல் 6 அம்பியர் வரை இழுக்கும். மெல்லிய வயரில் பேச அழுத்தியதும் அது அணைந்துபோவது இதனால்தான். கருவி பழுது என்று பலர் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

பற்றரியின் நேர்முனையிலிருந்து 18 செ.மீ. தூரத்துக்குள் பிரதான பியூஸ் இருக்கவேண்டும். அதற்குப் பின் பிரதான சுவிச், அங்கிருந்து கொன்சோலிலுள்ள பியூஸ் பெட்டி, அதிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் தனி வயர். கருவிக் கையேட்டில் குறித்துள்ள அம்பியருக்கு மேற்பட்ட பியூஸைப் போடாதீர்கள். அடித்தள நீரை இறைக்கும் பம்புக்கு மட்டும் பிரதான சுவிச்சுக்கு முன்பிருந்தே தனிப் பியூஸுடன் வயர் எடுங்கள். சுவிச்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போன இரவில் மழை பெய்தால் பம்பு வேலை செய்யவேண்டும்.

வயர்களை முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அழுத்திப் பிடிக்கும் இணைப்பிகளைப் போட்டு, சூட்டில் சுருங்கும் பசையுள்ள குழாயால் மூடுங்கள். வயர் கருவிக்குள் நுழைவதற்கு முன் சிறிது கீழே தொங்கி வளைந்து ஏறவேண்டும். நீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

நம் பகுதியில் கயிறிழுத்து இயக்கும் இயந்திரங்களே அதிகம். அவற்றில் சிலவற்றில் விளக்குக்கென்று வெளிவரும் மின்னோட்டம் ஆடலோட்டம் (ஏ.சி.). அதை நேரடியாகப் பற்றரிக்கோ கருவிக்கோ கொடுத்தால் கருவி கருகும். சீராக்கியும் வோல்ற்று கட்டுப்படுத்தியும் பொருத்தியே பற்றரிக்குக் கொடுக்கவேண்டும். என் படகில் 40 வாற்று சூரியத் தகடு ஒன்றைக் கட்டுப்படுத்தியுடன் வைத்தேன். ஜி.பி.எஸ்., வானொலி, விளக்கு எல்லாம் எட்டு மணி நேரம் ஓட 12 முதல் 14 அம்பியர்-மணி செலவாகிறது. 60 அம்பியர்-மணிப் பற்றரிக்கு அது சுமையே இல்லை. எரிபொருள் தாங்கியையும் பற்றரியையும் கொன்சோலின் ஒரே மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். ஆவி தேங்கிய இடத்தில் ஒரு பொறி போதும்.

8. உணரி, அன்ரெனா, விளக்கு

பிஷ்பைண்டரின் உணரியை (நீருக்குள் ஒலியை அனுப்பி வாங்கும் பகுதியை) பின்பலகையில், சுழலியிலிருந்து குறைந்தது 40 செ.மீ. தள்ளி, குமிழிகள் வராத இடத்தில் பொருத்தவேண்டும். நம் படகுகளைக் கரையில் இழுத்து ஏற்றுவோம். கடனீரேரியிலோ பல இடங்களில் ஆளுயரத் தண்ணீர்கூட இல்லை. நிலையாகத் திருகிய உணரி முதல் மாதத்திலேயே மணலில் மோதி உடையும். மேலே மடங்கும் தாங்கியில் பொருத்துங்கள். ஆழங்குறைந்த நம் கடலுக்கு 200 கிலோஹேட்ஸ் ஒலி அதிர்வெண் போதும். உணரியின் வயரை நீளம் கூடுதல் என்று வெட்டக்கூடாது, சுருட்டிக் கட்டிவையுங்கள்.

பின்பலகையிலோ கொன்சோலிலோ போடும் ஒவ்வொரு திருகாணி ஓட்டையையும் தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, எப்பொக்சியால் நிரப்பி, இறுகிய பின் நடுவில் மீண்டும் துளைத்துத் திருகுங்கள். அப்போது நீர் பலகையைத் தொடாது. 316 தரத் துருப்பிடிக்காத திருகாணிகளையே வாங்குங்கள்.

அன்ரெனா எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் கேட்கும். இரு படகுகளிலும் அன்ரெனா கடல்மட்டத்திலிருந்து 3 மீற்றர் உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ 14 கி.மீ. வரை பேசலாம். அன்ரெனா இணைக்காமல் பேச அழுத்தினால் வானொலி பழுதாகக்கூடும்.

இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, உயரத்தில் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு ஆகியவை வேண்டும். வெள்ளை விளக்கு உங்கள் கண்ணில் படாத உயரத்தில் இருக்கட்டும்.

9. செலவு எப்படிப் பிரிந்தது

விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் தொகையைவிடப் பங்கைச் சொல்வதே உங்களுக்குப் பயன்படும். என் கணக்குப் புத்தகத்தின்படி மொத்தத்தில் ஏறத்தாழ பாதி கருவிகளுக்கும் பற்றரிக்கும் போனது. ஐந்தில் ஒரு பங்கு றெசின், விரிப்பு, ஜெல்கோட், உரைதாள். ஏறத்தாழ அதே அளவு கூலி. மீதி வயர், பியூஸ், இணைப்பிகள், திருகாணிகள். கூலியிலும் றெசினிலும் மூன்றில் ஒரு பங்கு, நான் இரண்டாவது முறை செய்த வேலைக்கான செலவு. தொடர் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் எந்தக் கருவியையும் வாங்காதீர்கள். வானொலி உரிமத்துக்கும் உத்தரவாதத்துக்கும் அது தேவைப்படும்.

10. கடலில் இறக்கிய பின்

முதலில் கரையிலேயே ஒவ்வொரு கருவியாகப் போட்டுத் திசைகாட்டியின் முள்ளைப் பாருங்கள். எதைப் போடும்போது முள் நகர்கிறதோ அதன் வயரை விலக்குங்கள், அல்லது நேர், எதிர் வயர்களை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டுங்கள். ஜி.பி.எஸ். கருவியில் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற ஆள்கூற்று அமைப்பே தெரிவாகியுள்ளதா என்று பார்த்து, சர்வதேசக் கடல் எல்லைக்கோட்டைப் பதிந்து, அதற்குப் பல கிலோமீற்றர் முன்னரே ஒலிக்கும்படி எச்சரிக்கையை வையுங்கள். நெடுந்தீவுக்கு மேற்கே போகிறவர்களுக்கு இது மிகவும் அவசியம்.

முதல் ஓட்டத்தைப் பண்ணைக்கும் மண்டைதீவுக்கும் இடைப்பட்ட அமைதியான நீரில் வையுங்கள். திரும்பி வந்ததும் முகப்புப் பலகையைக் கழற்றி, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து எல்லாத் திருகாணிகளையும் மறுபடி இறுக்கி, இணைப்பிகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பியூஸ் எந்தக் கருவிக்கு, எந்த வயர் எந்த வழி என்று வரைந்து, பிளாஸ்ரிக் உறையிட்டு, கொன்சோல் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவையுங்கள். இரவில் நடுக்கடலில் விளக்கு அணைந்தால், உங்களோடு வந்திருப்பவர்கூட அதைப் பார்த்துச் சரியான பியூஸை மாற்றிவிடலாம்.